என் பொதிக்குள் பிறர் கோப்புகள்: ‘ரியூஸ்’ கருவியோடு ஒரு மாரிகாலம்

மட்டக்களப்பு புளியந்தீவில் ஒரு சிறிய அச்சகத்தில் பதினேழு வருடமாகப் பக்கம் அமைக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோவில் சடங்கு நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்று வருகிற வேலைகளில் பாதி இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வந்து சேர்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். ஒருமுறை ஒரு பெரியவரின் நினைவு மலரில் நான்கு பக்கம் இப்படியே அச்சுக்குப் போகப் பார்த்தது. அந்தப் பயத்தில்தான் பாமினியை யுனிகோடாக மாற்றும் ஒரு நிரலை சி மொழியில் எழுதினேன். என் பெறாமகன், தங்கையின் மகன், அதற்கு ஓர் ஆண்ட்ராய்டு செயலி செய்தான். இரண்டையும் எம்ஐடி உரிமத்தில் பொதுவில் வைத்தோம். எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், வேண்டுமானால் விற்றுக்கொள்ளுங்கள், என் பெயரையும் உரிம வாசகத்தையும் மட்டும் அழித்துவிடாதீர்கள். எம்ஐடி கேட்பது இவ்வளவுதான்.

அந்த நிரலின் பொதிக்குள் நான் எழுதாத கோப்புகள் எத்தனை இருந்தன, அவை யார் யாருடைய உரிமத்தில் இருந்தன என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள உதவியது ‘ரியூஸ்’ என்ற இலவசக் கருவி. உதவிய அளவுக்கு ஏமாற்றவும் செய்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

கதை கொழும்பிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. தன்னுடைய பழைய ஆவணங்களை மாற்ற எங்கள் நிரலை எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனம் விரும்பியது. ஆண்டுக்கு ஒரு பராமரிப்புத் தொகையும் பேசியிருந்தார்கள். ஒப்பந்தத்துக்குப் பதிலாக நான்கு பக்க அறிக்கை வந்தது. அவர்களிடமிருந்த ஏதோ ஒரு சோதனைக் கருவி எங்கள் டார் பொதியை, அதாவது எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய வெளியீட்டுப் பொதியை, பிரித்துப் பார்த்து, பதினொரு கோப்புகளுக்குச் சிவப்பு அடித்திருந்தது. “எம்ஐடி என்று அறிவிக்கப்பட்ட பொதியில் ஜிபிஎல் உரிமக் கோப்புகள் உள்ளன. விளக்கம் தேவை.” நிரலை மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால் அதே உரிமத்தில் மூலநிரலோடு கொடுக்க வேண்டும் என்பது ஜிபிஎல்லின் சாரம். தன் மென்பொருளைப் பூட்டி விற்கிற நிறுவனத்துக்கு அந்தப் பெயரைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. ஆட்டோடூல்ஸ் என்கிற பில்ட் கருவித் தொகுப்பு, வெளியீட்டுப் பொதி கட்டச் சொன்னபோது தானாகவே ஏற்றிவிட்டவை அவற்றில் பெரும்பாலானவை. மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்ற வேண்டியவரின் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துச் சொல்லும் துணைக்கோப்புகள். பொதியை வாங்குபவர் ஆட்டோடூல்ஸை நிறுவத் தேவையில்லை என்பதற்காகவே அவை கூடவே பயணம் செய்கின்றன.

அச்சக முதலாளிக்கு இதை விளக்கத் தயிரைத்தான் எடுத்தேன். நம் ஊர் எருமைத் தயிர் சட்டியோடுதான் வரும். தயிர் பட்டிக்காரருடையது, சட்டி குயவருடையது, தூக்கிப் போக உறி கட்டியிருந்தால் அதைப் பின்னியவர் இன்னொருவர். மூன்றும் ஒன்றாகக் கைமாறுகின்றன. சட்டி மண் என்பதற்காகத் தயிரை யாரும் மண் என்று சொல்வதில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “பிறகு ஏன் பிள்ளை சட்டியோடு கொடுக்கிறாய்? வாங்குகிறவனைப் பாத்திரத்தோடு வரச் சொல்லேன்.” அப்போது சிரித்துவிட்டு எழுந்து போனேன். அந்த மாரி முடிவதற்குள் அவர் சொன்ன இடத்துக்கே வந்து நின்றேன்.

ரியூஸ் என்பது ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2017இல் தொடங்கிய முயற்சி. அதில் ஒரு விதிமுறை உண்டு, அந்த விதிமுறையைச் சரிபார்க்கப் பைத்தானில் எழுதிய கருவியும் உண்டு. விதி எளிமையானது. பொதியில் உள்ள ஒவ்வொரு கோப்பும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: யாருடையது, எந்த உரிமம். சொல்லப்பட்ட ஒவ்வோர் உரிமத்தின் முழு உரையும் ‘லைசன்சஸ்’ என்ற கோப்புறையில் இருக்க வேண்டும், தேவையில்லாத உரை எதுவும் அங்கே இருக்கக் கூடாது. உரிமங்களின் பெயர்களை அவரவர் விருப்பத்துக்கு எழுத முடியாது. உரிமங்களுக்குப் பொதுவான குறுங்குறியீடு தரும் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் உள்ளதையே போட வேண்டும். அந்தப் பட்டியலில் 600க்கு மேற்பட்ட உரிமங்கள் இருக்கின்றன. இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கப் பயன்படும் கர்ல் போன்ற பெரிய திட்டங்களும் இந்த விதியைப் பின்பற்றுகின்றன.

(ஒரு சின்னக் குறிப்பு. ‘உரிமம்’ என்று நான் எழுதினால் அச்சகத்தில் யாருக்கும் உடனே பிடிபடுவதில்லை. நமக்குச் சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், பேச்சில் எல்லாமே லைசன்ஸ். ஆனால் அனுமதிப்பத்திரம் என்பது கந்தோரில் வரிசையில் நின்று பணம் கட்டி வாங்குவது. இங்கே எழுதியவரே முன்கூட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்கு ‘உரிமம்’ பொருந்துகிறது என்பதால் வைத்துக்கொள்கிறேன்.)

நிறுவுவதில் சிக்கல் இல்லை, ஒரே கட்டளை. கல்லடியில் வீட்டுக்கு வந்து, மழை கொட்டிய ஓர் இரவில், என் கிட் கோப்புறையில் (கிட் என்பது நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) நின்று, சரிபார்க்கும் கட்டளையான ‘ரியூஸ் லின்ட்’ என்று அடித்தேன். நான் எழுதிய 23 கோப்புகளில் பாதிக்குத் தலைப்பு இல்லை என்று சொன்னது. நியாயம்தான். தலைப்புச் சேர்க்க ‘ரியூஸ் அனொடேட்’ என்ற துணைக்கட்டளை இருக்கிறது. பெயர், வருடம், உரிமம் மூன்றையும் கொடுத்து, கோப்புறை முழுவதற்கும் ஓடச் சொன்னேன். மறுபடி லின்ட். “வாழ்த்துக்கள்! உங்கள் திட்டம் ரியூஸ் விதிமுறையின் 3.3 பதிப்புக்கு இணங்கியிருக்கிறது” என்ற பொருளில் ஒரு வரியும், பக்கத்தில் ஒரு சிரிப்புக்குறியும் வந்தன. பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

அந்த வாழ்த்தில் இரண்டு பொய்கள் இருந்தன. இரண்டும் நான் சொன்ன பொய்கள்; கருவி அவற்றை நம்பியது.

முதலாவது காலையில் தெரிந்தது. என் கோப்புறைக்குள் ‘எம்ஃபோர்’ என்று ஓர் உள்கோப்புறை இருக்கிறது. ஆட்டோடூல்ஸின் ஓர் அங்கமான ஆட்டோகான்ஃபுக்காக மற்றவர்கள் எழுதிய துணுக்குகளை அதில்தான் வைப்போம். நான் முழுக் கோப்புறைக்கும் தலைப்புப் போடச் சொன்னதால், அந்தத் துணுக்குகளின் உச்சியிலும் என் பெயரும் எம்ஐடியும் ஏறியிருந்தன. பிகேஜி என்ற துணுக்கைத் திறந்து பார்த்தேன். மேலே இரண்டு வரி நான், அதற்குக் கீழே உண்மையில் எழுதியவர்களின் காப்புரிமை, அதன் கீழே ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. கோவில் கிடாரத்தில் என் வீட்டுப் பெயரைப் பொறித்துவிட்டது மாதிரி இருந்தது. கிட் இருந்ததால் அழித்துவிட்டுப் பழையபடி ஆக்கிக்கொண்டேன். கருவியைக் குற்றம் சொல்லவில்லை. முத்திரை குத்தச் சொன்னால் குத்தத்தான் செய்யும். ஆனால் ஏற்கெனவே வேறொருவரின் காப்புரிமை வரி இருக்கிற கோப்பில் புதிய பெயரை ஏற்றும்போது “நிச்சயமாகவா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புதிதாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: அனொடேட் கட்டளையை ஒருபோதும் கோப்புறை முழுவதற்கும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதிய கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

இரண்டாவதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. நிறுவனத்தின் அறிக்கையில் இருந்த பதினொன்றில் எட்டு, என் லின்ட் முடிவில் பெயருக்குக்கூட வரவில்லை. காரணம் இதுதான். கிட்டிடம் “இவற்றைக் கண்டுகொள்ளாதே” என்று சொல்லிவைத்த கோப்புகளை ரியூஸும் கண்டுகொள்வதில்லை. கான்ஃபிகர், கான்ஃபிக்-கெஸ், எல்டிமெயின் போன்றவை கருவிகள் உருவாக்கும் கோப்புகள் என்பதால் பலரும் அவற்றைக் கிட்டில் சேர்க்காமல் விடுவார்கள்; நானும் சேர்க்கவில்லை. ஆனால் உலகத்துக்கு நான் கொடுப்பது கிட் கோப்புறை இல்லை, டார் பொதி. அதற்குள் அத்தனையும் இருக்கின்றன. வீட்டைச் சோதித்துவிட்டு வண்டியில் ஏற்றிய சாமானைப் பார்க்காமல் விட்டது மாதிரி.

இதைச் சொல்லும்போது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸட் என்ற மென்பொருளின் விவகாரத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்பவர் வெளிப்படுத்தினாரே, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் இருந்த பின்கதவு, அதாவது பிறர் கணினிக்குள் கள்ளமாக நுழைய வைத்த வழி. அதைத் தூண்டிவிடும் வரிகள் கிட்டில் இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் இருந்த ஓர் எம்ஃபோர் துணுக்கில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. உரிமத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் பொதியோடு தொற்றிக்கொண்டு போகும் பில்ட் கோப்புகளை யாரும் திறந்து படிப்பதில்லை என்ற ஒரே சோம்பலில்தான் இரண்டும் குடியிருக்கின்றன. நானும் பத்து வருடமாகப் படிக்கவில்லை.

டார் பொதியைத் தனியாக வேறோர் இடத்தில் பிரித்து, அங்கே நின்று லின்ட் ஓட்டினேன். இந்தமுறை சிரிப்புக்குறி வரவில்லை. 61 கோப்புகளில் 38க்கு உரிமத் தகவல் இல்லை என்றது. இதில் ஒரு நுணுக்கம். கான்ஃபிக்-கெஸ் கோப்பில் “காப்புரிமை, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை” என்ற வரியை ரியூஸ் கண்டுகொண்டது. அதன் கீழேயே பத்தி பத்தியாக எழுதப்பட்டிருந்த உரிமத்தைக் கண்டுகொள்ளவில்லை. ஏனென்றால் அது எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டை மட்டுமே படிக்கும், உரைநடையைப் படிக்காது. இது குறை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு இது பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தது. நான் உட்கார்ந்து படித்தேன்.

கான்ஃபிக்-கெஸ் கோப்பின் தலைப்பை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், முழு வழக்கும் அதில்தான் இருக்கிறது. முதல் பத்தி: இது கட்டற்ற மென்பொருள், ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையதன்படி பகிரலாம். இரண்டாவது பத்தி வழக்கமான உத்தரவாத மறுப்பு. மூன்றாவது, உரிமத்தின் பிரதி எங்கே கிடைக்கும் என்பது. நான்காவது பத்தியில்தான் கதவு திறக்கிறது: சிறப்பு விதிவிலக்காக, ஆட்டோகான்ஃப் உருவாக்கிய கான்ஃபிகர் ஸ்கிரிப்டைக் கொண்ட ஒரு நிரலின் பகுதியாக இந்தக் கோப்பைப் பகிர்ந்தால், அந்த நிரலின் மற்றப் பகுதிகளுக்கு நீங்கள் வைத்திருக்கும் அதே நிபந்தனைகளின் கீழ் இதையும் சேர்க்கலாம். கடைசியாக ஒரு வாக்கியம், இந்த விதிவிலக்கு ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 7ஆம் பிரிவின்படியான கூடுதல் அனுமதி என்று சொல்கிறது.

அதாவது என் பொதியில் கான்ஃபிகர் இருக்கிறது, எனவே எம்ஐடியின் கீழேயே இந்தக் கோப்பையும் கொடுக்கலாம். கொழும்பு நிறுவனத்தின் சோதனைக் கருவி முதல் பத்தியிலேயே சிவப்பு அடித்துவிட்டு, நான்காவது பத்திக்கு வரவே இல்லை.

மற்றவை வேகமாகப் போயின. இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் எக்ஸ் கன்சார்டியம் என்ற அமைப்பின் 1994ஆம் ஆண்டுக் காப்புரிமையோடு, எம்ஐடியைப் போன்ற தளர்வான உரிமத்தில் இருக்கிறது. அதில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை செய்த மாற்றங்கள் யாருடைய காப்புரிமையும் இல்லாத பொதுச்சொத்து என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கான்ஃபிகர் பல்லாயிரம் வரி நீளம், ஆனால் உரிமம் ஒரே வாக்கியம்: நகலெடுக்க, பகிர, மாற்ற வரம்பில்லாத அனுமதி. மிஸ்ஸிங், டெப்காம்ப், கம்பைல் மூன்றும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, கூடவே விதிவிலக்கு. எல்டிமெயினும் இரண்டாம் பதிப்புதான், ஆனால் அதன் விதிவிலக்கு வேறு. ஆட்டோடூல்ஸின் இன்னோர் அங்கமான லிப்டூலைக் கொண்டு கட்டப்படும் நிரலோடு போனால் மட்டுமே செல்லும். ஒரே கோப்புறைக்குள் 1991இன் ஜிபிஎல்லும் 2007இன் ஜிபிஎல்லும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. பத்து வருடமாக அவற்றை ஒரே எம்ஐடி பெயர்ப்பலகையின் கீழ் நான் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எழுத்து மாற்று விதிகளைப் படிக்க நான் பைசன் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். நான் எழுதும் இலக்கணத்தை எடுத்துக்கொண்டு அது ஒரு சி கோப்பை உருவாக்கித் தரும். கான்ஃபிக்-கெஸ் சட்டி என்றால், இது தயிருக்குள்ளேயே போகிற உறைமோர். பைசனின் சொந்த வரிகள் நிரலின் வயிற்றுக்குள் போய், வாங்குபவரின் கணினியில் ஓடுகின்றன. நல்லவேளை, இதற்கும் விதிவிலக்கு உண்டு. பைசன் 2.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது: பைசனின் அந்தச் சொந்த வரிகளை (‘எலும்புக்கூடு’ என்பார்கள்) உங்கள் படைப்பில் சேர்த்து விரும்பிய நிபந்தனையில் பகிரலாம், ஆனால் அந்தப் படைப்பே பைசனைப் போல அதே எலும்புக்கூட்டை வைத்து இலக்கணத்திலிருந்து நிரல் உருவாக்கும் கருவியாக இருக்கக் கூடாது. பாமினி மாற்றிக்கு அந்த ஆபத்து இல்லை. நிறுவனத்தின் நான்கு பக்க அறிக்கை இந்தக் கோப்பையும் டெப்காம்பையும் ஒரே வரிசையில், ஒரே சிவப்பில் வைத்திருந்தது. கேட்டிருக்க வேண்டிய ஒரே நல்ல கேள்வி அங்கே பத்துக் கேள்விகளுக்கு நடுவே தொலைந்திருந்தது.

இனி ரியூஸைப் பாராட்ட வேண்டிய இடம். பிறருடைய கோப்பின் உச்சியில் நான் கைவைக்கக் கூடாது. கை வைத்தாலும் அடுத்தமுறை கருவி அதைப் புதிதாக உருவாக்கும்போது அழிந்துபோகும். இதற்காக ‘ரியூஸ்-டோம்ல்’ என்ற ஒரு கோப்பு உண்டு. இந்தப் பாதையில் உள்ள கோப்பு இன்னாருடையது, இந்த உரிமத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்தே அதில் எழுதிவைக்கலாம். கோப்புக்குள் ஏற்கெனவே தகவல் இருந்தால் எதை நம்ப வேண்டும், அதையா, இதையா, இரண்டையும் சேர்த்தா என்பதற்கும் ஒரு சொல் இருக்கிறது. பழைய பதிப்புகளில், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் பாணியில் ஒரு கோப்பு இருந்தது. 2024இல் அதற்குப் பதிலாக இது வந்தது. ஒரு நாள் பின்னேரத்தில் முழுப் பட்டியலையும் எழுதி முடித்தேன். பத்து வருடத்தில் முதல்முறையாக என் பொதிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் படிக்க முடிந்தது. அச்சகத்தில் காகிதக் கணக்குப் புத்தகம் எழுதுகிற திருப்தி அதில் இருந்தது.

எரிச்சல் தந்தவற்றையும் சொல்கிறேன். ஆட்டோகான்ஃப் விதிவிலக்குக்கு எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் ஐந்து குறியீடுகள் இருக்கின்றன. அவற்றில் ‘ஜெனரிக்’ என்று ஒன்று, ‘ஜெனரிக் 3.0’ என்று இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த 7ஆம் பிரிவு பற்றிய கடைசி வாக்கியம்தான். தவறானதைப் போட்டால் ரியூஸ் எதுவும் சொல்லாது, பட்டியலில் உள்ள பெயராக இருந்தால் போதும் அதற்கு. மின்வெட்டு வந்த ஓர் இரவு முழுவதும், மடிக்கணினியின் மின்கலம் தீரும்வரை, ஐந்து உரைகளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். அச்சுப்பிழை திருத்துகிற கண் இருந்ததால் தப்பினேன்.

அடுத்தது கொஞ்சம் வேடிக்கை. விதிப்படி ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் முழு உரையையும் லைசன்சஸ் கோப்புறையில் போட்டேன். போட்ட உடனே கிட் கோப்புறையில் லின்ட் கத்தியது: “பயன்படுத்தப்படாத உரிமம்.” ஏனென்றால் அந்த உரிமத்தில் உள்ள கோப்புகள் கிட்டில் இல்லை, பொதியில் மட்டும்தான் இருக்கின்றன. எடுத்துவிட்டால் பொதி கத்துகிறது. கடைசியில், பொதி கட்டி முடிந்த பிறகு அதைப் பிரித்து, விடுபட்ட உரிம உரைகளை ரியூஸைக் கொண்டே இறக்கிச் சேர்த்து, திரும்பவும் கட்டுகிற நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். வேலை செய்கிறது, ஆனால் அழகாக இல்லை. இணையம் இல்லாத இரவில் வெளியீடு செய்யவும் முடியாது. கட்டிய பொதியையே நேரடியாகச் சோதிக்க ஒரு வசதி இருந்திருந்தால் ஐந்துக்கு நாலரை கொடுத்திருப்பேன். இப்போதைக்கு மூன்றரை.

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்கேன்கோடு என்ற இன்னோர் உரிமச் சோதனைக் கருவியையும் ஓட்டினேன். அது நேர்மாறானது. குறியீடு இல்லாவிட்டாலும் உரைநடையைப் படித்து இது இன்ன உரிமம் என்று சொல்லும். விதிவிலக்கையும் சேர்த்தே சொன்னது. மெதுவானது, என் பழைய கணினியின் விசிறி கல்லடிக் கடல்போல இரைந்தது. முடிவுக் கோப்பும் நீளம். ஆனால் நான் கையால் எழுதிய ரியூஸ்-டோம்ல் பட்டியலை அதோடு ஒப்பிட்டபோது இரண்டு இடத்தில் நான்தான் தவறு செய்திருந்தேன். முதலில் ஸ்கேன்கோடால் கண்டுபிடியுங்கள், பிறகு கோப்பை நீங்களே படியுங்கள், கடைசியில் ரியூஸில் பதியுங்கள். இந்த வரிசை எனக்குச் சரிப்பட்டது.

ஆண்ட்ராய்டுப் பக்கம் வேறு கூத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெறாமகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுடைய கோப்புறையில், ஆண்ட்ராய்டு செயலிகளைக் கட்டும் கிரேடில் கருவியின் ‘ராப்பர்’ இருக்கிறது: ஒரு ஸ்கிரிப்ட், ஒரு சின்ன ஜார் கோப்பு. அந்த ஜார் ஒரு பை மாதிரி, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதை ஓட்டினால் நூறு எம்பிக்கு மேற்பட்ட முழுக் கிரேடிலை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும்.

“இது யாருடையது?” என்று கேட்டேன்.

“கிரேடில்காரர்களுடையது பெரியம்மா. எல்லோரும் அப்படியே வைத்துக்கொள்வார்கள்.”

“உரிமம்?”

“அப்பாச்சி 2.0. பிரச்சினை இல்லாததுதான்.”

“இந்த ஜார் அவர்கள் கட்டியதுதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்யக் கிரேடில் வெளியிடும் செக்சம் எண்களின் பக்கத்தைத் திறந்து, நம் ஜாரின் எண்ணோடு ஒப்பிட்டான். பொருந்தியது. இருமக் கோப்புக்குள் தலைப்பு எழுத முடியாது என்பதால், அதே பெயரோடு ‘லைசன்ஸ்’ என்ற பின்னொட்டைச் சேர்த்துப் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பு வைக்கச் சொல்கிறது ரியூஸ். வைத்தோம். ஜாரைத் திறந்து பார்க்கவோ, அது அப்பாச்சிதானா என்று சரிபார்க்கவோ ரியூஸ் முயலவில்லை. அந்தக் குட்டிக் கோப்பில் நான் ‘எம்ஐடி’ என்று எழுதியிருந்தாலும் அதே வாழ்த்து, அதே சிரிப்புக்குறிதான் வந்திருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விதிவிலக்குகளை ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் முன்பு கோப்புகளின் தலைப்பில் மட்டும் இருந்த ஜிபிஎல், இப்போது லைசன்சஸ் கோப்புறையில் முழு உரையாகவே இருப்பதால் தங்கள் கருவி இன்னும் கூடுதலாகச் சிவப்பு அடிக்கிறதாம். ஒழுங்காகப் பெயர் எழுதி வைத்ததற்குக் கிடைத்த பரிசு.

அப்போதுதான் முதலாளியின் பாத்திரம் நினைவுக்கு வந்தது. சட்டியே வேண்டாம் என்றால்? மீசான் என்ற பில்ட் கருவி எதையும் பொதிக்குள் ஏற்றாது; வாங்குபவரின் கணினியில் அது நிறுவப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாளில் மாற்றியும் பார்த்தேன். பொதி சட்டென்று மெலிந்து, நான் எழுதியவை மட்டும் மிஞ்சின. ஆனால் படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் எங்கள் நிரலை யுஎஸ்பி குச்சியில் கொண்டுபோய், இணையம் இல்லாத பழைய கணினிகளில் போடுகிறார். அவரிடம் சி கம்பைலர் இருக்கிறது, ‘மேக்’ என்ற பழைய பில்ட் கருவியும் இருக்கிறது. மீசான் இல்லை, அதற்கு வேண்டிய பைத்தான் பதிப்பும் இல்லை. ஆட்டோடூல்ஸ் அந்தக் கோப்புகளை எல்லாம் சுமந்து வருவது அவரைப் போன்றவர்களுக்காகத்தான். அவரைப் பாத்திரத்தோடு வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே இரண்டு பொதி வெளியிடுகிறேன். ஒன்று சட்டியோடு: கான்ஃபிகரும் மற்றவையும், ஒவ்வொன்றுக்கும் ரியூஸ்-டோம்லில் பெயரும் உரிமமும் எழுதியது. மற்றது வெறும் தயிர்: கிட்டில் உள்ளது மட்டும். பிகேஜி துணுக்கையும் அதிலிருந்து எடுத்துவிட்டேன், அது எப்படியும் வாங்குபவரின் கணினியில் இருக்கும். இந்த இரண்டாவதை எடுக்கிறவர் ஆட்டோடூல்ஸைத் தானே நிறுவி, கான்ஃபிகரைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். கொழும்பு நிறுவனம் இந்த இரண்டாவதைத்தான் எடுத்தது. சோதனை பச்சையாக வந்தது, பராமரிப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்து ஆனது.

போன மாதம் அவர்களுடைய நிரலாளர் ஒருவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். பொதியைத் தங்கள் கணினியில் கட்டியபோது கான்ஃபிக்-கெஸ், எல்டிமெயின், மிஸ்ஸிங் எல்லாம் அங்கேயே உருவாகி, அவர்களுடைய சொந்தக் கோப்புறையையே அவர்களுடைய கருவி சிவப்பாக்கிவிட்டதாம். முன்பு ஏதோ ஒரு பட்டியல் அனுப்பியிருந்தீர்களே, அதை மறுபடி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். ரியூஸ்-டோம்லை இணைத்து அனுப்பிவிட்டேன்.